இடது பக்கக் கிளட்ச்

1. “மாஸ்டர் வரலையா?”

பயிற்சி வண்டியின் இடது சீட்டில் நான் முதன்முதலாக உட்கார்ந்த அன்று, பழக வந்திருந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் கையைக் கதவிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

“மாஸ்டர் வரலையாம்மா?”

“இல்ல சார். இனிமே நான்தான்.”

“நீங்களா? நீங்க ஓட்டுவியளா?”

“லைசென்ஸ் எடுத்து பதினோரு வருசம் ஆச்சு சார். ஏறுங்க.”

ஏறினார். மாஸ்டர் என்று அவர் சொன்னது என் வீட்டுக்காரரை. சங்கரன்கோவிலில் டிரைவிங் ஸ்கூலை ஆரம்பித்தவர் அவர்தான். சர்க்கரை கண்ணைத் தொட்டுவிட்டது. இனி ஸ்டியரிங் பக்கம் போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “போர்டைக் கழட்டிருவோம் கோமதி” என்றார் அவர். நான் கழற்ற விடவில்லை. பயிற்றுநருக்கு வேண்டிய சான்றிதழ்களை நான் வாங்கி முடிக்கும் வரை ஸ்கூல் பூட்டிக் கிடந்தது. வண்டி மட்டும் தினமும் காலையில் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்தப்பட்டது. பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்பதற்காக.

அன்றைக்கு ராஜபாளையம் ரோட்டில் கரிவலம்வந்தநல்லூர் வரை போய்த் திரும்பினோம். தலைமையாசிரியர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி, எதிரே வரும் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். எந்த இடத்திலும் வண்டி ஆஃப் ஆகவில்லை. குலுங்கவும் இல்லை. இறங்கும்போது அவர் முகமே மாறியிருந்தது.

“பரவாயில்லயே, நீங்க உக்காந்திருந்தா வண்டி சொன்ன பேச்சு கேக்கு.”

அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். பல வருடங்கள் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

2. எண்ணூறு

எங்களிடம் இருந்தது ஜப்பான் டிசைனில் இங்கேயே செய்து வந்த சின்னக் கார். மூன்று சிலிண்டர், எண்ணூறு சிசி. எங்கள் ஊரில் கம்பெனிப் பெயர் தேவையில்லை, எண்ணூறு என்றாலே போதும். என் காலத்தில் மூன்று எண்ணூறு வைத்திருந்தேன். மூன்றையும் பழசாகத்தான் வாங்கினோம். முதலாவது வெள்ளை. கார்புரேட்டர் வண்டி. காலையில் சோக்கை இழுத்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். சோக்கை உள்ளே தள்ள மறந்துவிட்டால் கொஞ்ச தூரத்தில் பெட்ரோல் நாற்றம் வரும், பிளக் நனைந்துபோய் நின்றுவிடும். பழக வருகிறவர்களுக்கு முதல் பாடமே அந்தச் சோக்குதான்.

இப்போதைய வண்டிகளில் ஒரு விரலால் ஸ்டியரிங்கைத் திருப்பலாம். எண்ணூறில் பவர் ஸ்டியரிங் கிடையாது. நிற்கிற வண்டியைத் திருப்ப வேண்டும் என்றால் தோள் வலிக்கும். ஏசி இருந்தாலும் போட மாட்டோம், மேட்டில் இழுக்காது. சித்திரை மாதத்தில் மதிய வகுப்புக்கு வருகிற பெண்கள் ஸ்டியரிங்கில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு ஓட்டியிருக்கிறார்கள். குறை என்று பார்த்தால் நிறைய உண்டு. ஆனால் வழியில் நின்றுபோனால் இரண்டு பேர் தள்ளினால் போதும். கிளட்ச் கேபிளும் ஆக்ஸிலேட்டர் கேபிளும் உபரியாக ஒவ்வொன்று டிக்கியில் கிடக்கும். அறுந்தால் நானே மாட்டுவேன். குருவிகுளம் போகும் வழியில், இரண்டு பக்கமும் கரிசல் காடு, ஒரு மரம் கிடையாது, அந்த வெயிலில் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ரோட்டில் படுத்துக் கேபிள் மாட்டியிருக்கிறேன். பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பயிற்சி வண்டிக்கு டூயல் கண்ட்ரோல் உண்டு. அதாவது இடது பக்கத்தில், சொல்லித் தருகிறவர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். இரண்டு பக்கத்துப் பெடல்களையும் டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு ராடு இணைத்திருக்கும். நான் இந்தப் பக்கம் மிதித்தால் அந்தப் பக்கத்துப் பெடலும் தானாகவே கீழே போகும். பழகுகிறவர் கால் அதன் மேலேயே இருப்பதால், தான்தான் மிதித்தோம் என்று நினைத்துக்கொள்வார். இந்த ஒரு விஷயம் தெரிந்தால்தான் இனி நான் சொல்லப்போவது விளங்கும்.

3. ஜெபமணி அக்காள்

ஜெபமணி அக்காள் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். பஜாரில் பாத்திரக்கடை. கணவர் தங்கராஜ் அண்ணாச்சிக்கு இரண்டு கிட்னியும் போய், வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் திருநெல்வேலிக்கு டயாலிசிஸுக்குப் போக வேண்டும். மகள் கல்யாணமாகி வடக்கே இருக்கிறாள். அவர்களிடமும் ஒரு எண்ணூறு இருந்தது, சில்வர் கலர். பத்து வருடமாக அண்ணாச்சியே ஓட்டி வந்த வண்டி. கால் வீங்கிப்போன பிறகு ஆக்டிங் டிரைவர் வைத்துப் போய் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அந்த டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் வராமல் இருந்துவிட்டார். பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அண்ணாச்சிக்கு உட்கார இடம் கிடைத்தது பாதி வழியில், தேவர்குளத்துக்குப் பிறகுதான்.

அடுத்த நாள் காலையில் அக்காள் எங்கள் ஸ்கூல் படியேறி வந்தார்.

“டீச்சர், எனக்கு அம்பத்தாறு வயசு. சைக்கிள்கூட ஓட்டுனது கிடையாது. ஒரு மாசத்துல கார் ஓட்டணும். முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லுங்க.”

“முடியும்க்கா.”

“மத்தவங்களுக்குச் சொல்லுத மாதிரி எனக்கும் சொல்லாதிய. முடியுமா?”

“முடியும். தினமும் வாங்க.”

தினமும் வந்தார். எல்எல்ஆர் போட்டு இருபத்திரண்டு வகுப்பு. கடை திறக்கும் முன்னால் ஆறு மணிக்கு வந்து நிற்பார். சொன்னதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே செய்வார். “கிளட்ச் முழுசா, கியர் ஒண்ணு, மெதுவா விடுதேன், விடுதேன்” என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். அவர் வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். அதனால் கேட்டுக்கு ஏறுகிற மேட்டில் நிறுத்தி எடுப்பதை அவருக்கு மட்டும் பல தடவை பழக்கினேன். ஒவ்வொரு தடவையும் வண்டி அழகாக ஏறியது.

டெஸ்ட் மைதானத்தில் முதல் தடவையே தேறினார். அது சமதளம். அங்கே எண்ணூறு ஆக்ஸிலேட்டர் கொடுக்காமலே நகரும். கிளட்சை மெதுவாக விட்டால் போதும். அந்த அளவுக்கு அக்காள் நிஜமாகவே கற்றிருந்தார். லைசென்ஸ் கையில் கிடைத்த அன்று அண்ணாச்சியே எனக்கு போன் செய்தார். “டீச்சர், இனிமே நான் பின் சீட்டு முதலாளி” என்றார்.

4. செவ்வாய்க்கிழமை

அக்காள் முதன்முதலாகத் தானே ஓட்டிக்கொண்டு திருநெல்வேலிக்குக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை. ரயில்வே கேட் மூடியிருந்தது. மேட்டில் வண்டியை நிறுத்தினார். ரயில் போய் கேட் திறந்ததும், சொல்லிக் கொடுத்தபடியே கிளட்சை விட்டிருக்கிறார். வண்டி ஒரு உதறு உதறி ஆஃப் ஆகிவிட்டது. பின்னால் உருள ஆரம்பித்தது. பிரேக்கைத் தேடின கால் மறுபடியும் கிளட்சை மிதித்தது. வண்டி இன்னும் வேகமாக இறங்கியது.

பின்னால் நின்றிருந்தவர் பால்கார முருகன். பைக்கின் இரண்டு பக்கமும் பால் கேன். பைக்கைப் போட்டுவிட்டுக் குதித்தார். பைக்கின் சக்கரத்தில் ஏறித்தான் கார் நின்றது. முருகனுக்குக் கணுக்காலில் எலும்பு முறிவு. பால் முழுவதும் ரோட்டில்.

கூட்டம் கூடிவிட்டது. யாரோ முருகனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வேறு யாரோ அக்காளின் வண்டியை ஓட்டிக்கொண்டு இவர்களைத் திருநெல்வேலியில் கொண்டுபோய் விட்டார்கள். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் அண்ணாச்சியின் முறை தாண்டி, மிஷினில் அடுத்தவர் படுத்துவிட்டார். நாளைக்கு வாருங்கள் என்றார்கள். திரும்பி வந்த அன்று சாயங்காலமே அண்ணாச்சிக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸில் திருப்பிக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் ஐசியு.

எனக்கு இதெல்லாம் அன்றே காதுக்கு வந்தது. பார்க்கப் போக வேண்டும் என்று நினைத்தேன், போகவில்லை. என் ஸ்கூலில் படித்தவர் முதல் நாளே இடித்துவிட்டார் என்று ஊர் பேசுமே என்பதுதான் எனக்கு அப்போது பெரிதாக இருந்தது. இதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

அண்ணாச்சி வீடு திரும்பிய பிறகு அக்காளே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“நான் ஒங்ககிட்ட சண்ட போட வரல டீச்சர். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஒங்க வண்டியில அத்தன தடவ ஏறுன மேடு, எங்க வண்டியில ஏன் ஏறல? ரெண்டும் ஒரே எண்ணூறுதான?”

“பயம்தான்க்கா. தனியா போறோம்னு ஒரு பதட்டம் வந்திரும். போகப் போகச் சரியாயிரும்.”

“எனக்குப் பயமே இல்ல டீச்சர்.” அவர் குரல் உயரவே இல்லை. “கேட்டுல நிக்கும்போது நான் அவுககிட்ட பேசிக்கிட்டுத்தான் இருந்தேன். ஒங்க வண்டியில என்ன செஞ்சேனோ அதத்தான் அங்கயும் செஞ்சேன்.”

பயம் என்று சொல்லித்தான் அதுவரை எல்லோரையும் அனுப்பியிருந்தேன். லைசென்ஸ் வாங்கிய பிறகும் வண்டி வரமாட்டேன் என்கிறது என்று வந்து சொன்னவர்கள் முன்பும் உண்டு. இவரிடம் அந்தப் பதில் நிற்கவில்லை.

“நாளைக்குக் காலையில ஒங்க வண்டியிலயே போய்ப் பாப்போம்க்கா” என்றேன்.

5. “கீழ என்னத்த மிதிக்கிய?”

மறுநாள் நான் போனபோது அண்ணாச்சி தலையணையோடு பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஐசியுவிலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வேண்டாம் என்று அக்காள் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

“என் வண்டி ஏன் ஏறலேன்னு நான் பாக்க வேண்டாமா? பத்து வருசம் ஏறியிருக்கு” என்றார் அவர்.

நான் இடது சீட்டில் உட்கார்ந்தேன். சொந்த வண்டி என்பதால் என் பக்கம் பெடல் எதுவும் கிடையாது, வெறும் ரப்பர் மேட். மேட்டின் நடுவில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். பின்னால் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, “எடுங்கக்கா” என்றேன். அக்காள் முணுமுணுத்துக்கொண்டே கிளட்சை விட்டார். உதறல். ஆஃப். வண்டி பின்னால் இறங்கியது. நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன்.

“இன்னொரு தடவ.”

அதே உதறல், அதே இறக்கம்.

மூன்றாவது தடவை வண்டி உதறும்போது பின்னாலிருந்து அண்ணாச்சி கேட்டார்.

“டீச்சர், நீங்க கீழ என்னத்த மிதிக்கிய?”

குனிந்து பார்த்தேன். என் இடது கால் ரப்பர் மேட்டை அழுத்திக்கொண்டிருந்தது. சும்மா வைத்திருக்கவில்லை. முழு பலத்தோடு, முட்டி நடுங்க அழுத்திக்கொண்டிருந்தது. மிதி என்று நான் அதற்குச் சொல்லவில்லை. நான் சொல்லாமலே அது மிதித்துக்கொண்டிருந்தது. வண்டி உதறப்போகிறது என்று தெரிந்த கணத்தில் அது இறங்குகிறது. எத்தனையோ வருடமாக அப்படித்தான் இறங்கியிருக்கிறது. பயிற்சி வண்டியில் அந்த இடத்தில் கிளட்ச் இருந்தது. பழகுகிறவர் சட்டென்று விடுவதைத் தாங்கிப் பிடித்து, மெதுவாக விட்டுக் கொடுத்தது என் கால்தான்.

அக்காள் என் காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் கெட்டிக்காரி. நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“அப்போ அத்தன நாளும் நீங்கதான் ஓட்டுனியளா?”

“பாதி நான்தான்க்கா” என்றேன். “ஒங்க தப்பு ஒண்ணுமே இல்ல.”

அழுவார் என்று நினைத்தேன், திட்டுவார் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை.

“சரி. கால மடக்கி சீட்டுக்கு அடியில வைங்க. ஒண்ணாம் பாடத்துல இருந்து சொல்லுங்க.”

மடக்கி வைத்தேன். அன்றிலிருந்து பதினைந்து நாள் அந்த மேட்டிலேயே இருந்தோம். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கிளட்சைப் பாதி விட்டு, எஞ்சின் சத்தம் கனத்து வண்டி முன்பக்கம் லேசாக எழும்பும்போது ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும். இதைத்தான் நான் முன்பும் வாயால் சொல்லியிருந்தேன். ஆனால் அந்தக் கனத்த சத்தத்தை அவர் கேட்டதே இல்லை. அது வருவதற்குள் என் கால் கீழே போய்விடும். அந்தச் சத்தத்தை அவருக்குக் காட்டிக் கொடுத்தது நான்கூட இல்லை, அண்ணாச்சிதான். பின் சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டு, “பொறு ஜெபா... பொறு... இந்தா முனங்குது பாரு. இப்ப விடு” என்பார். நாலாவது நாள் வண்டி ஏறியது. ஏறிய பிறகு அக்காள் கேட்டைத் தாண்டி ஓரமாக நிறுத்திவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இது நான்தான ஏத்துனேன்?”

“நீங்களேதான்க்கா.”

6. பால் வண்டி

முருகனைப் பார்க்க நாங்கள் இருவரும் சேர்ந்து போனோம். கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் தூக்கி வைத்திருந்தார். அக்காள் தன் தவறு என்று சொல்ல ஆரம்பித்தார். நான் குறுக்கிட்டு, இல்லை, நான் சொல்லிக் கொடுத்ததில்தான் தவறு என்று டூயல் கண்ட்ரோலில் ஆரம்பித்து எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“யாரு கால் மிதிச்சா என்னம்மா, ஒடஞ்சது என் கால்லா?” என்றார்.

வைத்தியம், பைக் எல்லாவற்றையும் அக்காள் பார்த்துக்கொண்டார். ஆனால் முருகனின் கவலை வேறு. ஒரு மாதம் பால் ஊற்றாமல் இருந்தால் வாடிக்கை வீடுகள் வேறு ஆளிடம் போய்விடும். அதனால் கட்டுப் பிரிக்கிற வரைக்கும் பாலை என் பயிற்சி வண்டியில் கொண்டுபோனோம். பின் சீட்டை மடக்கிவிட்டால் எண்ணூறில் நாலு கேன் நிற்கும். நான் ஓட்டுவேன். முருகன் இடது சீட்டில் கட்டுக்காலோடு உட்கார்ந்து வீடு காட்டுவார். வாசலுக்கு வாசல் நான் இறங்கிப் பால் ஊற்றிக் கொடுத்துவிட்டு வருவேன். “டிரைவிங் ஸ்கூல் இப்ப பால் கம்பெனி ஆயிட்டா?” என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். வண்டியில் பால் கவிச்சி போக ரொம்ப நாளாயிற்று.

7. பிளேட்

மேட்டில் என் கால் பிடிபட்டதை வீட்டுக்காரரிடம் அன்றைக்கே சொல்லியிருந்தேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

“இதுக்கா இவ்வளவு வருத்தப்படுத? நானும் மிதிக்கத்தான் செஞ்சேன். எல்லா மாஸ்டரும் மிதிப்பான். மிதிக்கலேன்னா பிளேட் என்னத்துக்கு ஆகும்?”

உண்மையில் காரணம் அதுதான். கிளட்ச் பிளேட். பழகுகிறவர்கள் கிளட்சைப் பாதி விட்டபடியே வண்டியை உறும வைத்தால் பிளேட் கருகும். எங்களுடையது பழைய வண்டி. அதை வைத்துத்தான் பிழைப்பு. அது நாறாமல், உதறாமல், நிற்காமல் ஓட வேண்டும் என்ற நினைப்பு என் காலில் இருந்திருக்கிறது. வண்டி மேல் வைத்த பிரியத்தில் ஆளை விட்டுவிட்டேன் என்பதுதான் விஷயம். வண்டி நன்றாக ஓடியதால் பழகியவர்களும் தாங்கள் நன்றாக ஓட்டுவதாக நம்பினார்கள். நானும் நன்றாகச் சொல்லித் தருவதாக நம்பினேன்.

“பிளேட் போனா மாத்திக்கலாம்” என்றேன்.

“நீ மாத்துவ. பொறவு என்கிட்ட வந்து சொல்லாத” என்றார்.

சொன்னது போலவே பிளேட் போனது. அதற்கு முன் ஒரு பிளேட்டை வைத்து எவ்வளவு காலம் ஓட்டினோமோ, அதில் கால்வாசிக் காலம்கூட அடுத்தது தாங்கவில்லை. மெக்கானிக் மாரியப்பன் கழற்றிக் கையில் கொடுத்தார். முகம் பார்க்கிற கண்ணாடி போல வழவழப்பாக இருந்தது.

“என்னக்கா, ரேஸுக்கு விடுதியளா வண்டிய?”

“ஆமா. இப்ப சேந்திருக்கிற ஆறு பொம்பளைங்க மேடு ஏறப் பழகுதாங்க.”

பிறகு பழைய அட்மிஷன் நோட்டை எடுத்தேன். போன் நம்பர் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஒரே கேள்விதான். “இப்ப கார் ஓட்டுதியளா?” திருவேங்கடத்தில் ஒரு பள்ளிக்கூட டீச்சர், வாங்கிய கார் ஷெட்டில் நிற்பதாகவும் தான் ஸ்கூட்டரில்தான் போவதாகவும் சொன்னார். ஒருவர் லைசென்ஸை அடையாள அட்டையாக மட்டும் காட்டுகிறாராம். சிலர் நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள், அவர்கள் தாங்களாகவே கற்றுக்கொண்டவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பாதிக்கு மேல் ஓட்டவில்லை. எல்லோரும் காரணமாகச் சொன்னது பயம். அந்த வார்த்தையை அவர்களுக்குக் கொடுத்ததே நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், மேட்டில் எடுக்க மட்டும் சொல்லித் தருகிறேன், முன்பு நான் சரியாகச் சொல்லித் தரவில்லை என்றேன். சிலர் வந்தார்கள். ஒருவர், “அப்ப ஏமாத்துனியா? இத்தன வருசம் நான் எனக்குத்தான் மூள இல்லன்னு நெனச்சேன்” என்று சொல்லி போனை வைத்துவிட்டார். அவர் வரவேயில்லை. அவரை நான் பிறகு கடைவீதியில் பார்த்திருக்கிறேன். அவர் என்னைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. எனக்கும் கூப்பிட வாய் வருவதில்லை.

8. இப்போது

எண்ணூறுகள் மூன்றும் போய்விட்டன. கடைசி வண்டியைக் கழிக்கிற வயது வந்தபோது, வாங்க வந்தவர் எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு, என்ன செய்ய” என்றார். இப்போது இருப்பது பவர் ஸ்டியரிங், ஏசி எல்லாம் உள்ள வண்டி. வருகிறவர்கள் ஆட்டோமேட்டிக் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அதில் கிளட்சே கிடையாது, தப்பு செய்ய எனக்கும் வழி கிடையாது. எங்களுடையது இன்னும் கிளட்ச் வண்டிதான், அதனால் நான் இடது காலை மடக்கியே உட்காருகிறேன். முட்டியில் வலி வந்துவிட்டது. வண்டி உதறும்போது இன்றைக்கும் தொடை இறுகத்தான் செய்கிறது. வலது காலை மட்டும் பிரேக்கின் மேல் வைத்திருக்கிறேன். ஆளைக் காப்பாற்ற அது போதும். வண்டி நிற்கட்டும், நாறட்டும், பின்னால் ஹாரன் அடிக்கட்டும். பழகுகிறவர் தானே மறுபடியும் ஸ்டார்ட் செய்யும் வரை நான் வாயையும் திறப்பதில்லை. புதிதாக மாஸ்டர் வேலைக்கு வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இதுதான்: முதல் வாரத்திலேயே உங்கள் ஆள் அருமையாக ஓட்டினால், குனிந்து உங்கள் காலைப் பாருங்கள்.

தங்கராஜ் அண்ணாச்சி அதற்குப் பிறகு இரண்டரை வருடம் இருந்தார். செவ்வாயும் வெள்ளியும் அக்காள்தான் ஓட்டினார். ஒரு முறைகூடத் தவறவில்லை. அண்ணாச்சி இறந்தது வீட்டில், தூக்கத்தில். வண்டியை விற்றுவிடும்படி மகள் சொன்னாள். ரிஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பித்துக்கொண்டு வந்து ஷெட்டில் நிறுத்தினார் அக்காள்.

போன வருடம் என் வீட்டுக்காரருக்குக் கண்ணில் ஆபரேஷன் நடந்தது, திருநெல்வேலியில். நான்கு நாள் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தே கிடந்தேன். டிஸ்சார்ஜ் அன்று மத்தியானம் வெளியே வந்தால், சில்வர் எண்ணூறு நிற்கிறது. அக்காளுக்கு நாங்கள் சொல்லியிருக்கவில்லை. வீட்டுக்காரரைக் கைத்தாங்கலாகப் பிடித்து முன் சீட்டில் உட்கார வைத்தார்.

“நீங்க பின்னால ஏறுங்க டீச்சர். காலை நீட்டிக்கோங்க.”

இத்தனை வருடத்தில் என்னிடம் பழகிய யார் வண்டியிலும் நான் பின் சீட்டில் உட்கார்ந்ததில்லை. ஏறினேன். மானூர் போர்டைப் பார்த்தது நினைவிருக்கிறது. முன்னால் லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது, அக்காள் மூன்றாவது கியருக்கு இறங்கினார். அடுத்து நான் கண் விழித்தபோது எஞ்சின் சத்தம் இல்லை. வண்டி எங்கள் வீட்டு வாசலில் நிழலில் நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்காரர் உள்ளே போய்ப் படுத்துவிட்டிருந்தார். அக்காள் டிரைவர் சீட்டில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“எழுப்பியிருக்கலாம்லா?” என்றேன்.

“இப்பத்தான் வந்தோம்” என்றார் அவர். இறங்கிப் போய் பானெட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஆறியிருந்தது.